அத்தையின் அம்மா எப்படி இருப்பாள்?

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் படையல் போடுவார்கள். இறந்துபோனவர்களின் போட்டோக்களைத் துடைத்து, பொட்டு வைத்து, சுவரோரம் வரிசையாக நிறுத்துவார்கள். தாத்தா இருப்பார். தாத்தாவின் இரண்டாம் மனைவி, அதாவது என் அப்பாவையும் சித்தப்பாவையும் பெற்றவர், இருப்பார். வரிசையின் கடைசியில் மட்டும் போட்டோ இருக்காது. ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, பக்கத்தில் புதுப்புடவை ஒன்றை மடித்து வைப்பார்கள். அந்தச் சொம்புதான் அத்தையின் அம்மா. தாத்தாவின் முதல் மனைவி. அத்தை இடுப்புக் குழந்தையாக இருந்தபோதே, அடுத்த பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார். சுமங்கலியாகப் போனவளுக்குப் புடவை வைத்தே ஆகவேண்டும், முகம் இல்லையென்றால் சொம்புக்கு வை என்று அந்தக் காலத்தில் யாரோ சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. கற்பூரம் காட்டி எல்லாரும் சாப்பிட எழுந்த பிறகும் அத்தை மட்டும் சொம்பின் எதிரே உட்கார்ந்திருப்பார். அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறார்போல என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன்.

என்னை வளர்த்தவர் அத்தைதான். அடையாற்றங்கரையில் எங்கள் வீடுகள் இருந்த காலத்தில் அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் அத்தையின் இட்லிக் கடையில் மாவுப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்தே தெரியாத அத்தை என் நோட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோணலா கீது, திருப்பி எய்துடி" என்பார். பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். இன்று தரமணியில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்றால் அதற்கு அந்த அதட்டல்தான் காரணம். கடைக்கு வயதான பெண்கள் யார் வந்தாலும் அத்தை ஒரே கேள்விதான் கேட்பார். "எங்கம்மாவ பாத்துகிறியா? எப்டி இருப்பா?" ஒருத்தி கறுப்பு என்பாள், ஒருத்தி நல்ல மாநிறம் என்பாள். இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினால் மகாலட்சுமி மாதிரி இருப்பாள் என்று சொன்னவர்களும் உண்டு. பொய் என்று தெரிந்தே அத்தை ஊற்றுவார்.

பிறகு ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையில் இருந்தவர்களை எல்லாம் செம்மஞ்சேரிப் பக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். ஒரே சந்தில் இருந்த சொந்தங்கள் ஆளுக்கொரு மாடியாகப் பிரிந்தோம். அங்கே போன பிறகு அப்பா இறந்தார். படம் மாட்டலாம் என்று ஆல்பத்தை எடுத்தால், வெள்ளத்தில் ஊறி ஒரே கட்டியாகிக் கிடந்தது. உயரத்தில் மாட்டியிருந்த படையல் படங்கள் மட்டும்தான் தப்பியிருந்தன. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். போலீசுக்குப் பயந்தவர்போல இருந்தார் அப்பா. அன்றைக்குத்தான் சித்தப்பா சொன்னார்: "நம்ம கையில ஒண்ணியும் இல்ல. சொந்தக்காரங்க வூட்ல எங்கியாவது நம்ம மூஞ்சி மாட்டிகினு இருக்கும். போய்க் கேப்போம், வா."

சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு என்னை ஏற்றிக்கொள்வார். மயிலாப்பூர், சைதாப்பேட்டை என்று எங்கே உறவு இருந்தாலும் போனோம். போகிற வீட்டில் முதலில் டீ, பிறகு பழைய சண்டை, அதற்கப்புறம்தான் பரண். ஈரம் பட்ட படங்களை நாங்கள் சட்டத்திலிருந்து கழற்றுவதில்லை. ஒரு பெரியப்பா வீட்டில் ஆசையாகக் கழற்றியபோது பெரியப்பாவின் பாதி முகம் கண்ணாடியோடு போய்விட்டது. அதில் வந்த புத்தி. சுவரில் மாட்டியபடியே செல்போனில் எடுப்பேன். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க, சித்தப்பா கூடத்துக்குள்ளேயே கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு இடையில் பதில்கள் வரும். இது யார், அது யாருக்குக் கொழுந்தன் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், அடித்துக்கொள்வார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு பங்காளிகள், ஒரு மீசை யாருடையது என்ற தகராறில் மறுபடி பேசத் தொடங்கினார்கள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. எத்தனை பேர் எங்களுக்காக ஸ்டூல் போட்டு ஏறினார்கள்! அத்தை மட்டும் வேறெதையும் கேட்கமாட்டார். நாங்கள் திரும்பி வந்ததும் ஒரே வார்த்தை: "கெட்ச்சுதா?"

அத்தையின் தாய்மாமன் வீடு ராயப்பேட்டையில் இருந்தது. மனைவி செத்த சூட்டோடு தாத்தா மறுகல்யாணம் செய்துகொண்டதில் அந்த வீட்டுக்குக் கோபம், போக்குவரத்தே நின்றுபோயிற்று. அந்த வாசலில் போய் நிற்பதற்குச் சித்தப்பாவுக்குக் கால் கூசியது. "எங்கம்மா போட்டோவுல சிரிச்சிகினு கீது. யக்கா அம்மா சொம்பா கீது. எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?" என்று ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சொன்னார். தாய்மாமனும் அவர் மனைவியும் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் மகள், நாங்கள் ராயப்பேட்டை அக்கா என்று சொல்கிறவர், எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கூடத்தில் அவருடைய பெற்றோரின் கல்யாணப் படம் தொங்கியது. தாய்மாமன் மயிலாப்பூரில் ஒரு பங்களாவில் டிரைவர். முதலாளியின் மகன் காமிராவோடு கல்யாணத்துக்கு வந்து எடுத்த படமாம். அண்ணன் கல்யாணத்தில் தங்கை இல்லாமல் இருப்பாளா? பின்வரிசைப் பெண்களில் ஒருத்தியைச் சித்தப்பா விரலால் தொட்டார். "மூக்கப் பாரு! அப்டியே யக்கா மூக்கு!"

குழுவில் போட்டதும் மொத்தக் குடும்பமும் அந்த மூக்குக்குச் சாட்சி சொன்னது. தி.நகரில் ஒரு ஸ்டுடியோவில் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு அத்தையிடம் கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கியவர் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். அன்று முதல் தினமும் பூ வைத்தார். பால் பொங்கியதையும் தண்ணீர் லாரி வராததையும் அந்தப் படத்திடம் சொன்னார். அப்புறம் ராயப்பேட்டை அக்காவிடமிருந்து போன் வந்தது. அவருடைய தாய்வழி மாமா ஒருவர் ஊரிலிருந்து வந்தாராம். படத்தில் இருப்பது கல்யாணப் பெண்ணின் அக்கா என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத பெண். சித்தப்பா அத்தையிடம் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தைதான் அவரைத் தேற்றினார். "வுடுடா சின்னவனே. அவளும் யாரோ பெத்த பொண்ணுதான? நாலு நாளு பூ வெச்சா இன்னா கொறஞ்சிட்டோம்?" படத்தை ஒரு துண்டில் சுற்றி, அவங்க வீட்டிலேயே கொடுத்துவிடு என்று என்னிடம் நீட்டினார். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போய்வந்தாலும் "கெட்ச்சுதா" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, ராயப்பேட்டை அக்கா தன்னுடைய தப்புபோலத் தவித்துப்போய், பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிப் போட்டார். ஒரு பிளாஸ்டிக் கவரில் கெட்டுப்போன படங்கள் இருந்தன. அதில் தாலி கட்டும்போது எடுத்த ஒன்று. அட்சதை போடுகிற கைகளும் தலைகளும் குறுக்கே வந்து மறைத்ததால் மாப்பிள்ளை முகமும் இல்லை, பெண் முகமும் இல்லை. "இது ஒண்ணுத்துக்கும் ஒதவாது" என்று அக்கா ஒதுக்கப் போனார். சித்தப்பா கையை நீட்டித் தடுத்தார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் அவர். பந்தலில் யார் எங்கே நிற்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "கழுத்தாண்ட கீற கையி உங்கப்பா கையி இல்லியேம்மா. வளையல் போட்ட கையி. நாத்தனார் முடிச்சு போட்றாங்க. உங்கப்பாவுக்கு எத்தினி தங்கச்சி?"

"ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொன்ன அக்கா, சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச முடிச்சை அவன் கூடப்பிறந்தவள்தான் போடவேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போது எங்கள் சனத்தில் வேறு யாருக்கும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இத்தனை நாள் மூக்கைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அக்கா அப்போதே புடவை மாற்றிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒருவர் வருவது, அத்தைக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

வழியெல்லாம் எனக்குப் பயம். இன்னொரு தடவை ஏமாந்தால் அத்தை தாங்குவாரா? நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் படத்தைப் பார்த்தார் அத்தை. தூக்கிய கை, குனிந்த தலை, கொண்டை, காதில் ஒரு கம்மல், தாடையின் ஓரம். அவ்வளவுதான் தெரிந்தது. முகத்தை அவள் கையே மறைத்திருந்தது. அத்தை படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார், சாய்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல. "மூஞ்சி வுழல அத்தை" என்றேன். 

அத்தை படத்தின் மேல் விரலை வைத்தார். அவர் விரல் மெல்லக் கீழே இறங்கி, படத்தின் ஓரத்தில் நின்றது. "இது இன்னாது?"

அவளுடைய இடுப்புக்குக் கீழே, புடவைக் கொசுவத்தை ஒரு சின்னக் கை கொத்தாகப் பிடித்திருந்தது. குழந்தையின் மிச்ச உடம்பு படத்துக்கு வெளியே போய்விட்டது. ராயப்பேட்டை அக்கா குனிந்து பார்த்தார். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்: "ஐயோ, இது நீதான்! எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிகினே இருக்கும். முடிச்சு போட உன்ன எறக்கி வுட்டாங்களாம். நீ வுடாம கத்தினதுல ஐயர் சொன்ன மந்திரம் ஒண்ணுகூட எங்கம்மா காதுல வுழலியாம். அந்தப் பந்தல்ல கொயந்தன்னா நீ ஒருத்திதானாம்."

அத்தை படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "மூஞ்சி கெடக்குது வுடுடி. நான் அவள எப்டி புடிச்சினு கீறேன், பாரு."