வெட்டிய பிறகும் நீண்ட கோதுகள்

வேட்டைக் காலம் தொடங்குமுன் நடக்கும் சுடுதல் சோதனைக்கு ஆறு நாள் இருந்தது. அதில் தேறினால்தான் புலம்பெயர்ந்து நான் வாழும் ஆராவ் நகருக்கு வெளியே உள்ள காட்டில் எங்கள் வேட்டைக் குழுவோடு ரைபிள் தூக்கலாம். இரண்டு வருட வகுப்பும் பரீட்சைகளும் முடித்து எனக்கு வரவிருந்த முதல் பருவம் அது.

துப்பாக்கி ரவைகளை நானே நிரப்புவேன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வாய்ப்பக்கம் நீண்டிருந்தால் வெட்டி, புது வெடிமருந்தும், பாய்ந்து போகும் குண்டான சன்னமும் வைக்க வேண்டும். ரைபிளின் தொலைநோக்கியும் அந்த ரவைக்கே சரிசெய்யப்பட்டிருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் எங்கள் மாடிக்கட்டடத்தின் நிலவறையான கெல்லரில் உட்கார்ந்து நாற்பது கோதுகளை வெட்டினேன். ஞாயிறில் மோட்டார் போட்டால் சத்தம் என்று மேல்மாடிக்காரர் முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவார். வெட்டுக்கருவியின் கைப்பிடியைச் சுற்றித்தான் வெட்டினேன். ஒவ்வொன்றும் 51 மில்லிமீட்டர். பிறகு அச்சில் அழுத்தினேன். கடைசியாக ஒருமுறை அளந்தபோது கலிப்பர் 51.25 காட்டியது. எல்லை 51.18. துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே இலக்கம். அடுத்த கோதும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி; சோலோதுர்னில் கடைசல் பட்டறையில் வேலை.

"முதல் வெட்டினனியோ, முதல் அமத்தினனியோ?"

"வெட்டிப்போட்டுத்தான் அமத்தினனான்."

"நாசம். அமத்தேக்க பித்தளை நீளுமெல்லே, மச்சான். பேப்பர்காரர் எல்லாம் இப்பிடித்தான். தலைப்பை எழுதிப்போட்டுச் செய்தி தேடுறது."

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்த காலத்தில் முதலில் செய்தியை இடத்துக்கு ஏற்ப வெட்டுவோம். திருத்தம் பிறகு. கை அதே வரிசையில் போயிருக்கிறது.

நாற்பதையும் மறுபடி வெட்ட உட்கார்ந்தேன். பன்னிரண்டாவதில் மச்சான் கையைப் பிடித்தான்.

"பொறு. இது எத்தினை தரம் சுட்டது?"

"ஆறோ ஏழோ."

"ஆறோ ஏழோவோ? செய்தியிலயும் இப்பிடித்தான் எழுதினனியோ?"

மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கோதுக்குள் விட்டு, அடிப்பக்கம் மெதுவாக இழுத்தான். கம்பி ஓரிடத்தில் தடக்கியது. என்னிடம் தந்தான். எனக்கும் தடக்கியது. அடியிலிருந்து சற்று மேலே, உட்சுவரில் சுற்றிவரப் பள்ளம்.

"நீ வாயில வெட்டி எறிஞ்ச பித்தளை எங்கயிருந்து வந்ததெண்டு நினைச்சனி? இங்கயிருந்துதான். இனிச் சுட்டால் ரெண்டாப் பிரியும்."

முப்பத்தொரு கோதுகளில் கம்பி தடக்கியது. மிச்சம் ஒன்பதை நம்ப மனம் வரவில்லை. இனி யாரும் நிரப்பாதபடி எல்லாவற்றின் வாயையும் குறட்டால் நசுக்கினேன். ஒரு மத்தியானம் முழுக்கக் கவனமாக அளந்து வெட்டியவை.

திங்களன்று கடையில் கேட்டேன். புதுக் கோது வர இரண்டு கிழமை என்றார்கள். தொழிற்சாலையில் நிரப்பிய ரவை ஒரு பெட்டி வாங்கினேன். வேறு சன்னம், வேறு எடை. வேலைக்கிடையில் அதைச் சுட்டுப் பார்த்துத் தொலைநோக்கியைத் திருத்த நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சோதனையில் குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தன, வட்டத்துக்கு ஒரு சாண் கீழே. பரிசோதகர் தேறவில்லை என்று தாளில் கோடு கிழித்து, மறுதேதி தந்தார். வேட்டை தொடங்கிய பிறகு வரும் தேதி.

குழுத் தலைவரின் செய்தி பின்னேரம் வந்தது. முதல் நாள் நான், கத்தி விலங்குகளை விரட்டும் கலைப்பவர் வரிசையில். செம்மஞ்சள் மேலங்கியும் ஒரு தடியும் கொண்டுவர வேண்டும்.

மச்சானுக்குச் சொன்னேன்.

"பறவாயில்லை. கத்துறதுக்குச் சோதனை இல்லைத்தானே," என்றான்.

வருகிறேன் என்று தலைவருக்குப் பதில் அனுப்பினேன்.