கணக்கில் வராத இரண்டு நாள்

வெலிச்கா அக்காவுக்கு வாய் அடங்காது. அந்த வாயால்தான் மூன்று ஆலைகளில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியுமுன்பே அவளை வெளியே அனுப்பினார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் காரணமே சொல்ல வேண்டாம், ஒரு தாள் போதும். ஐம்பத்தாறு வயதில் குடைமிளகாயை ஜாடியில் அடைக்கும் எங்கள் ஆலைக்கு வந்தபோது என்னிடம், "இந்தத் தடவை வாயத் தச்சு வச்சிருக்கேன்டி" என்றாள். அந்த வயதுக்காரியை எடுக்க எங்கள் ஸ்லிவென் ஊரில் வேறு ஆலை மிச்சமில்லை.

உண்மையாகவே தைத்துத்தான் வைத்திருந்தாள். ஏப்ரல் ஒன்பதில் சேர்ந்தவள், சமையலறையில் தொங்கிய கோயில் நாள்காட்டியைத் தினம் ஒரு தாளாகக் கிழித்து அக்டோபர் ஒன்பதுக்குக் காத்திருந்தாள். ஜாடி மூடும் இயந்திரத்தில் வேகம் போதவில்லை என்று மேற்பார்வையாளர் ஸ்பாஸ், கை சிக்காமல் தடுக்கும் காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னபோதும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூலையில் ஸ்பாஸின் மனைவி நெத்காவுக்கு அறுவைச் சிகிச்சை. இங்கே ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது வீட்டுக்காரர் பாடு. மனுஷன் மேசை மேசையாக வந்து கெஞ்சினார். ஆளுக்கொரு நோவைச் சொல்லி நழுவினோம். வெலிச்கா அக்கா போனாள். ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு உண்டு, சட்டமே தருகிறது. காலை நீட்டிப் படுத்தேன், எனக்குத்தான் லாபம் என்று திரும்பி வந்து சிரித்தாள்.

செப்டம்பர் கடைசியில் அந்த இயந்திரம் எங்களோடு வேலை செய்த த்ஸ்வேதாவின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அவளே தகட்டைக் கழற்றினாள் என்று அலுவலகத்தில் கூசாமல் எழுதினார்கள். தப்பு அவளுடையது என்றானால் நஷ்டஈடு குறையும். விசாரிக்கத் தொழிலாளர் துறை ஆய்வாளர் அக்டோபர் பத்தாம் தேதி வருவதாகச் சேதி வந்தது. மருத்துவமனையில் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்து வெலிச்கா அக்கா சொன்னாள்:

"ஒம்பதாம் தேதியோட நான் நிரந்தரம்டி. ஆய்வாளர்கிட்ட நானே சொல்றேன். நீ அழாத."

பத்தாம் தேதி காலை சாக்லேட் பெட்டியோடு வந்தாள். வேலை நிலைத்துவிட்டால் கூட இருப்பவர்களுக்கு நீட்டாமல் முடியுமா? வாழ்த்துச் சொல்லி ஒன்றை எடுத்தேன். கையுறை ஈரமாக இருந்ததால் அப்புறம் தின்னலாம் என்று மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆய்வாளரின் அறைக்குள் முதலில் நுழைந்தது அவள்தான். யார் கழற்றச் சொன்னது, என்றைக்குச் சொன்னது, எல்லாம் சொல்லிக் கையெழுத்தும் போட்டாள்.

மதியம் ஸ்பாஸ் தாளோடு வந்தார். ஆறு மாதம் நேற்றே முடிந்துவிட்டதே என்றாள் அவள். விடுப்பு நாட்கள் தகுதிகாண் காலத்தில் சேராது, ஜூலையில் எடுத்த இரண்டு நாளைக் கூட்டினால் நாளை வரை போகிறது என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எந்த இரண்டு நாள் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

அவள் தாளை நான்காக மடித்தாள்.

"நெத்கா இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா அக்கா."

"நல்லா இருக்கட்டும்" என்று மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி சாட்சி போதாது, தகடு கழற்றியதை நீங்களும் பார்த்தீர்களா என்றார் ஆய்வாளர். பைக்குள் கை விட்டேன், சாக்லேட் குழைந்து விரலில் ஒட்டியது.

"நான் கவனிக்கலைங்க" என்றேன்.

அந்த ஆலையில் பதினோரு வருஷமாக நான் நிரந்தரம்.