பெரட்டுக் களத்தில் ஒலித்த மணி

என் தோள்பையில் ஒரு பித்தளை மணி கிடக்கிறது. நாக்கைச் சுற்றித் துணி கட்டியிருப்பதால் நடக்கும்போது சத்தம் வராது. அது எங்கள் பசுவின் கழுத்தில் கிடந்தது. மண்சரிவில் தொழுவம் புதைந்த மறுநாள், சேற்றைக் கையால் விலக்கி அதைக் கழற்றியெடுத்தவர் என் அண்ணன் மனைவி, மதினி. சரிவுக்குச் சற்று முன்புதான் என் மகள் பால் வாளியோடு அந்தத் தொழுவத்திலிருந்து வெளியே வந்திருந்தாள். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில் அவள் கால் வைக்கவும் பின்னால் மலை இறங்கவும் சரியாக இருந்தது. இன்றும் மழை வலுத்தால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

செத்த மாடுகளுக்கு அரசாங்கம் நட்டஈடு தருகிறது என்றார்கள். அந்தப் பசுவின் பாலில்தான் மகளின் உயர்தர வகுப்பு நடந்தது. இன்னொரு பசு வாங்கிவிட்டால் படிப்பு நிற்காது என்று நம்பினோம். ஆனால் பணம் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கணக்கப்பிள்ளைக்குப் போனது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கம் அப்படி. மாட்டைப் பதிந்து காதில் அட்டை குத்த வருகிறவர்கள் வீட்டு முகவரி கேட்பார்கள். லயத்துக் காம்பராவுக்கு ஏது இலக்கம்? கணக்கப்பிள்ளையின் குவாட்டர்ஸுக்கு உண்டு. "எம்பேர்ல போட்டுக்கங்க, நாம என்ன வேத்து ஆளுங்களா?" என்று அவரேதான் சொன்னார். அந்த உபகாரத்துக்காக, பசு ஈனும்போதெல்லாம் முதல் சீம்பாலை அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். பணத்தைக் கேட்கப் போனபோது கதவைப் பாதி திறந்து, "யாரு பேர்ல இருக்கோ அவங்க மாடுதானே" என்றார். நான் பள்ளிக்கூட வாத்தியார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். பதிவில் உள்ளவருக்கே நட்டஈடு என்று சிங்களத்தில் பதில் வந்தது.

மதினி யாருக்கும் எழுதவில்லை. பதில் வந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அவர் பெயரைக் கூப்பிட்டதும், "வந்துட்டேங்க" என்பதற்குப் பதிலாக மணியை எடுத்து ஆட்டினார்.

"என்னா புள்ள இது?"

"ஆளு வந்திருச்சுன்னு சொல்றேங்க."

அன்றிலிருந்து தினமும் அதேதான். பின்வரிசையில் எவளோ ஒருத்தி "ம்மா" என்று கத்துவாள்; களமே குலுங்கிச் சிரிக்கும். ஒருநாள் தோட்டத்து மேலாளரான தொரையே வந்து நின்று, என்ன மணி என்று கேட்டார். "மாடு ஒண்ணு வேலைக்கு வரலீங்க தொரை. கணக்கப்பிள்ளை ஐயா பேர்ல இருக்கற மாடு. அதையும் பேர் கூப்பிடச் சொல்லுங்க" என்றார் மதினி. கணக்கப்பிள்ளையின் முகம் போன போக்கை அன்று ராத்திரி சோறு போடும்போது மதினி எனக்கு நடித்தே காட்டினார். அவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் அதுவரை சாப்பிட்டதில்லை.

பணம் திரும்பவில்லை. மதினிக்கு அட்டைப்பூச்சிக் கடி மிகுந்த செங்குத்து மலையாகப் பார்த்து வேலை கொடுத்தார் கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அன்றே கிடைக்கும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்தெடுத்து, மகளின் வகுப்பை நிற்க விடாமல் பார்த்துக்கொண்டார் மதினி. மணியும் நிற்கவில்லை. கடைசியில் கணக்கப்பிள்ளைதான் வேலையை விட்டு ஹட்டன் டவுனுக்குக் குடிபோனார். போன மழையில் மதினி காய்ச்சலாய்ப் படுத்து எழுந்திருக்கவில்லை. சாகும் முன், "அந்தாளு மறந்துறக் கூடாது தம்பி" என்று மணியை என் கையில் வைத்தார்.

மகளின் வகுப்பு ஹட்டனில்தான். மாலையில் அவளுக்காக பஸ் நிலையத்தில் காத்திருக்கும்போது, பால்மா பாக்கெட்டோடு கணக்கப்பிள்ளை கடந்து போவார். நான் துணியை அவிழ்ப்பேன். ஒரே ஒரு தடவை மணியை ஆட்டுவேன். அவர் நடை தடுமாறும். நேற்று நேராக என்னிடமே வந்துவிட்டார். "பழசையெல்லாம் விட்டுருங்க மாஸ்டர். எனக்கு ஒடம்புக்கு முடியல." அவர் முகத்துக்கு நேரே மணியை ஆட்டினேன்.

"பாவம்ப்பா, போதும்" என்றாள் வகுப்பு முடிந்து வந்த மகள். "எனக்குப் பரீட்சை முடிஞ்சா நமக்கு இங்க வேலையே இல்லையே?"

மணிக்குத் துணியைச் சுற்றிப் பையில் வைத்தேன். அவளுக்கு இங்கே வேலை இருக்காது. எனக்கு இருக்கிறது.