போடாத சோதனை ஊசி

யுத்தம் தொடங்கிய வருடம். சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. படிப்பை முடித்த பிறகு ஓராண்டு அங்கேயே தங்கி, பெரிய டாக்டரின் கீழ் வேலை பழக வேண்டும். கடைசியில் அவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். அந்த வருடம் நாங்கள் இரண்டே பேர். நானும், ஓமலூரிலிருந்து வந்த என் நண்பனும்.

பெரிய டாக்டர் கைராசிக்காரர். அவரிடம் தொழில் பழகியது என் பாக்கியம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் காலையில் அவர் வார்டைச் சுற்றிவரும் நேரம் எங்களுக்குக் கோர்ட்டில் கூண்டேறுவது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கேள்வி கேட்பார். தெரியவில்லை என்று சொன்னால் வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொல்லி, மதியம் வரை வார்டு வாசலில் நிறுத்திவிடுவார். நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வருகிறவர்களும் நம்மைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

நான் சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அவர் வாயை மூடுவதற்குள் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவது. தப்பாக இருந்தால் திருத்துவார், அவ்வளவுதான். தயங்கினால்தான் அவருக்குப் பிடிக்காது. என் நண்பனுக்கு இது வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுவான். வாரத்தில் இரண்டு நாளாவது வாசலில் நிற்பான். அவனைத் தாண்டிப் போகும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று காலை புதுச்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் உழும்போது ஏர்க் கொழு காலில் பாய்ந்து ஆழமான காயம். கூட அவர் மனைவி மட்டும் வந்திருந்தார். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன். அடுத்து, டெட்டனஸ் என்கிற இசிவு ஜன்னி வராமலிருக்க சீரம் ஊசி போட வேண்டும். அந்தக் காலத்துச் சீரம் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு, அதிலும் முன்பே ஒரு தடவை போட்டுக்கொண்டவர்களுக்கு, அது ஆளையே சாய்த்துவிடும். அதனால் முதலில் முன்கையில் ஒரு சொட்டு மட்டும் போட்டு, தடிப்பு வருகிறதா என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அதுதான் சோதனை ஊசி.

அதைப் போட மருந்தை எடுக்கும்போதே பெரிய டாக்டர் வார்டுக்குள் வந்துவிட்டார். நேராக இந்தக் கட்டிலுக்குத்தான் வந்தார். “சோதனை பார்த்தாயிற்றா?” என்று கேட்டார்.

“பார்த்துவிட்டேன், சார்.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஐந்து மாதப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. “சரி, முழு ஊசியையும் போடு” என்றார். அவர் எதிரிலேயே போட வேண்டியதாயிற்று.

நான் ஊசியை எடுத்தபோது அந்த அம்மாள், “ஏனுங்க சாமி, போன தடவ மாடு முட்டினப்ப...” என்று ஏதோ சொல்ல வந்தார். “அப்புறம் சொல்லும்மா” என்று நான் அடக்கிவிட்டேன்.

பெரிய டாக்டர் நாலு கட்டில் தாண்டியிருப்பார். அந்த மனிதருக்கு உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. உடம்பெல்லாம் வேர்த்துக் கண் செருகியது. பெரிய டாக்டர் திரும்பி ஓடிவந்து நாடியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “சோதனை போட்ட இடம் எப்படி இருந்தது?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் பொய்யை வாய் சொன்னது என்றேன். இந்த இரண்டாவதைத் தெரிந்தேதான் சொன்னேன். “சுத்தமாக இருந்தது, சார்.”

என் பேச்சை நம்பித்தான் அவர் முடிவு செய்தார். சீரம் காரணமில்லை, பயத்திலும் வலியிலும் வந்த அதிர்ச்சி, காலை உயர்த்திப் படுக்கவைத்துச் சூடு கொடுங்கள் என்றார். நர்ஸ் கம்பளி எடுக்கப் போனார். என் நண்பன் அந்த அம்மாளிடம் குனிந்து, “போன தடவ என்னங்கம்மா ஆச்சு?” என்று கேட்டான்.

“நாமக்கல்லுல இதே மாதிரிதானுங்க ஊசி போட்டாங்க. பத்து நாளு கழிச்சு ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வந்துருச்சுங்க.”

அவன் நோயாளியின் இரண்டு முன்கைகளையும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். மருந்து அலமாரிக்கு ஓடி, சீரத்தின் வேகத்தை முறிக்கும் அட்ரினலின் ஊசியோடு வந்தான். “நான் சொல்லாமல் போடாதே” என்று பெரிய டாக்டர் அதட்டினார். அவன் போட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் நாடி எழும்பியது. மூச்சு சீரானது. அந்த மனிதர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

எந்த மருந்து உயிரைக் காப்பாற்றியது என்பது பெரிய டாக்டருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் வார்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. உத்தரவை மீறுகிறவனுக்கு இங்கே இடமில்லை என்று அன்று பகலிலேயே அவனை அனுப்பிவிட்டார். சான்றிதழ் கிடையாது.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூரமங்கலம் ஸ்டேஷன் வரை கூடப் போனேன். ஓமலூர் வண்டிக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி வந்தது, ஏறினான், போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து அந்த விவசாயி கம்பு ஊன்றி நடந்து வீடு திரும்பினார். அவர் மனைவி கைகூப்பி, “உங்க புண்ணியத்துல பொழச்சாருங்க சாமி” என்று என்னிடம் சொன்னார். அது நானில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, உத்தியோகமும் கிடைத்தது. சுதந்திரம் வந்த வருடம்தான் ஓமலூருக்குப் போய் அவனைப் பார்க்கத் துணிந்தேன். சந்தைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடத்தில் சின்ன டிஸ்பென்சரி வைத்திருந்தான். நாற்காலியில் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“தெரியும்” என்றான். “கையில ஊசி குத்துன புள்ளிகூட இல்ல. அப்பவே தெரிஞ்சு போச்சு.”

“ஏன் சொல்லவில்லை?”

“நான் சொன்னா நம்பியிருப்பாரா? அவருக்கு நீதான கெட்டிக்காரன்.” ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். “நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஸ்டேஷன்ல கூட, எந்திரிச்சுப் போயி அவருகிட்டச் சொல்லிட்டு வாரேன்னு சொல்லுவியோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வண்டி நகந்தப்பதான் இனி இல்லைன்னு விட்டுட்டேன்.”

அவன் குரலில் கோபமில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. காய்ச்சல் குழந்தையோடு யாரோ வந்தார்கள், எழுந்து போனான். நான் அவனுக்கு இடைஞ்சலில்லாமல் ஓரமாக நின்றுவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

பிற்காலத்தில் என்னிடமும் இளம் டாக்டர்கள் வேலை பழகினார்கள். தவறு செய்துவிட்டேன் என்று வந்து சொன்ன எவரையும் நான் பிறர் எதிரில் தலைகுனிய வைத்ததில்லை. அதற்காக என்னை நல்லவர் என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் அன்று ஸ்டேஷனில் ஒரு மனிதன் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பேசுவேன் என்று நம்பிக் காத்திருந்தான். நான் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், அந்தப் பாராட்டைத் தலைநிமிர்ந்து கேட்க என்னால் முடிவதில்லை.