மூச்சு விடாத மூன்று மாதம்

வேலைக்குச் சேர்ந்த முப்பத்தெட்டாவது நாள் மாலை, நான் முழுகாமல் இருக்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார். சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் ஆறு மாத புரொபேஷன் ஞாபகத்துக்கு வந்தது.

ராஜபாளையத்தில் கட்டுத்துணியும் பேண்டேஜும் செய்கிற கம்பெனி அது. தரம் பார்க்கும் பிரிவில் உதவியாளர் வேலை எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். இன்டர்வியூவில் மேனேஜர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "கல்யாணம் முடிஞ்சு நாலு வருசம் ஆச்சே, விசேஷம் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார். வந்த கோபத்துக்கு, 'ஒங்க வீட்ல என்ன சார் விசேஷம்?' என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். வேலை வேண்டுமே! "அதெல்லாம் இல்ல சார்" என்று பல்லைக் காட்டினேன். அன்றைக்கு அது உண்மையும்கூட. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் பிரசவத்துக்குப் போனதால்தான் இடமே காலி என்பதும், திரும்பி வந்து கேட்டவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதும் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் ஒரு ஆளுகிட்ட மூச்சு விடப்படாது" என்றார் மாமியார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று உண்டாகித் தங்காமல் போனது. ஊரெல்லாம் சொல்லியிருந்தோம், ஊரே வந்து துக்கம் கேட்டது. அந்தப் பயம் அவருக்கு. என் வீட்டுக்காரர், "பேசாம சொல்லிரு. சட்டம் இருக்குல்ல, வேலைய விட்டு எடுக்க முடியாது" என்றார்.

"சட்டம் சென்னையில இருக்கு. நான் ராஜபாளையத்துல வேலை பாக்கேன்" என்றேன்.

புரொபேஷனில் இருப்பவளை அனுப்ப, 'வேலை திருப்தி இல்லை' என்று ஒரு வரி போதும். புரொபேஷன் முடிகிற வரை வயிற்றை மறைத்துவிட்டால் வேலை நிரந்தரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். சேலைக்கு மேல் கம்பெனி கோட்டுப் போட வேண்டும் என்பது ஒன்றே ஆறுதல்.

ஆனால் கேஸ் ரூம் என்று ஒன்று இருந்தது. பேண்டேஜ் பெட்டிகளை ஒரு வாயுவால் கிருமி நீக்கி, பெட்டிக்குள் தங்கிய வாயு வெளியேறுவதற்காக அந்த அறையில் அடுக்கி வைப்பார்கள். தினமும் காலையில் உள்ளே போய் மாதிரிக்கு இரண்டு பெட்டி எடுத்து வருவது என் பொறுப்பு. கதவில் சிவப்பு எழுத்தில், 'கர்ப்பிணிகள் உள்ளே செல்லக் கூடாது' என்று பலகை. அத்தனை நாளும் அதைப் பார்த்தும் பார்க்காமலும் போய்வந்திருந்தேன். மறுநாள் காலையில் அந்தக் கைப்பிடியில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். ஐயோ, இந்தப் பாவி இத்தனை நாள் உள்ளே போயிருக்கிறாளே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அன்றைக்கே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பேக்கிங் மேசையில் மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. காண்ட்ராக்டில் தினக்கூலி. நாள் முழுக்க அவள் வாய் ஓயாது. நேராக அவள் மேசைக்குப் போனேன்.

"ஏ புள்ள, எனக்கு வீசிங் இருக்கு. அந்த வாடையே ஆக மாட்டேங்குது. செத்த உள்ள போயி ரெண்டு பெட்டி எடுத்துட்டு வாறியா?"

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்று உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு தினமும் அவளே போனாள். பொய் இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். பதிலுக்குக் கேன்டீனில் இரண்டு வடை வாங்கி அவள் மேசையில் வைப்பேன். சில நாள் அது அப்படியே ஆறிப்போய்க் கிடக்கும். அவள் பேச்சும் குறைந்துபோயிருந்தது. வேலை கூடியதால் முறுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு என் பாடே பெரும் பாடாக இருந்தது. குமட்டல் வந்தால் விழுங்குவேன். "என்னம்மா, டல்லா இருக்கீங்க?" என்று மேனேஜர் ஒருநாள் நிறுத்திக் கேட்டபோது, "பஸ்ல கூட்டம் சார்" என்றேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து கீழே இறங்கியதா இல்லையா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே, அது சும்மா சொன்ன சொல் இல்லை.

ஏறக்குறைய நாலு வாரம் ஓடியது. ஒரு காலையில் அவள் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"ஏ புள்ள, நாள் தள்ளிப் போயிருக்கா?"

வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "ரெண்டு மாசம் ஆச்சு. யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா. காண்ட்ராக்ட்டுல நாளைக்கே நிப்பாட்டிருவாக."

என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருத்தி பிள்ளையை அல்லவா தினமும் உள்ளே அனுப்பியிருக்கிறேன்!

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. "சார், நான் முழுகாம இருக்கேன். கேஸ் ரூமுக்குப் போகப்படாது. எனக்குப் பதிலா பொம்பளை ஆள் யாரையும் அனுப்பவும் முடியாது. ஆம்பளை ஆள் ஒருத்தரைப் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இன்டர்வியூல கேட்டப்ப இல்லைன்னீங்களே?"

"அப்ப இல்ல சார்."

"சரி. இன்னைல இருந்து ஆள் மாத்திருதேன். ஒங்க புரொபேஷனை இன்னும் மூணு மாசம் நீட்டுவோம். பொறவு பாப்போம்."

'பொறவு பாப்போம்' என்பதைத்தான் எனக்கு முன்னால் இருந்தவள் பிரசவத்துக்குப் போகும்போதும் சொல்லியிருந்தார்கள். வேலை போனது மாதிரிதான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் என் சமாச்சாரம் கம்பெனி முழுக்கப் பரவியது.

ஷிப்டு முடிந்ததும் அவளை விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்து என் டாக்டரம்மாவிடம் உட்கார வைத்தேன். "எத்தனை நாள் உள்ள போனே?" என்று அவர் கேட்டார். "ஒரு இருபது நாள் இருக்கும்" என்று நான் முந்திக்கொண்டேன். "இருபத்தி ரெண்டு" என்றாள் அவள். ஸ்கேன் பார்த்துவிட்டு, இப்போதைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது, இனி அந்தப் பக்கமே போகாதே, மாதாமாதம் வந்து காட்டு என்றார் டாக்டரம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மம்சாபுரம் பஸ்ஸுக்காக நின்றோம். எனக்கு வீசிங் கிடையாது, சொன்னது பொய் என்றேன். "தெரியும்க்கா. எல்லாரும் பேசிக்கிட்டாக" என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. குற்றம் உறுத்தும்போது எனக்குக் கோபம்தான் வரும், கேடுகெட்ட புத்தி.

"போர்டு வாசிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன்க்கா."

"பொறவு ஏன் போன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒன்னயக் கடிச்சா தின்னுருப்பேன்?"

"நீங்க ஸ்டாஃபு. போக மாட்டேன்னு சொன்னா, மறுநாள் என்னைய வர வேண்டாம்னு சொல்லிட்டா?" பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "மூணு மாசமாவது முடியட்டும்னு இருந்தேன். ஒங்ககிட்ட எப்பச் சொல்லலாம்னுதான்க்கா தெனமும் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன்."