இடப்பக்கத்துக் கேன்

"திங்கள், ஏப்ரல் 8. கீழ் ஹோஸ் வெடித்து ரேடியேட்டரில் இருந்த கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டது. ஹோஸ் மாற்றியாயிற்று. புதுக் கூலன்ட்டில் சரிபாதி டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும். அது மட்டும்."

என் வண்டி நோட்டில் உள்ள குறிப்பு இது. 'மட்டும்' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து ஹோஸ் மாற்றிய மெக்கானிக் சொன்னதைத்தான் எழுதினேன்.

"நம்ம போர் தண்ணி வேணாம் சார். உள்ள சுண்ணாம்பாட்டம் படிஞ்சிக்கும். பேட்டரிக்கு ஊத்தற தண்ணி வாங்கி வைங்க. புதன்கிழமை காலைல வந்து நானே கலந்து ஊத்தறேன்."

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் என் மாமனாரை ஓசூர் கண் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மறுநாள் ஆபரேஷன். சாமல்பட்டியில் இருக்கும் அவர் ஏற்கெனவே இரண்டு முறை தட்டிக் கழித்தவர். இந்தத் தேதியும் போனால் மாங்காய் பறிப்பு தொடங்கிவிடும். அதன் பிறகு தோப்பை விட்டு அவரை யாராலும் கிளப்ப முடியாது. இடது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது.

செவ்வாய் மாலை வேலை முடிந்து, ஐந்து லிட்டர் பேட்டரி தண்ணீரோடு வீட்டுக்கு வந்தேன். வண்டியின் பானெட் திறந்திருந்தது. எங்களோடு தங்கி வேலைக்குப் போகும் மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் அலசும் தொட்டிகளுக்கு அவன்தான் பொறுப்பு. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் டிடிஎஸ் பேனா இல்லாமல் அவன் சட்டைப் பையை நான் பார்த்ததில்லை.

"முடிச்சிட்டேன் மாமா. உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

"எந்தத் தண்ணி ஊத்தினே?"

"நம்ம ஆர்ஓ தண்ணிதான். நாப்பதுதான் காட்டும். இதவிட மோசமான தண்ணில நாங்க பிளேட்டிங்கே போடறோம்."

"இன்னிக்கி அளந்தியா?"

"இடப்பக்கத்துக் கேன் எப்பவும் நல்ல தண்ணி மாமா. இதுக்கு என்னாத்துக்கு அளக்கறது?"

எங்கள் தெருவில் ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை யாரும் சாக்கடையில் விடுவதில்லை. ஒரு கேனில் பிடித்து வைத்துத் தரை துடைப்பார்கள். கரண்ட் போனால் குடிக்க, நல்ல தண்ணீரையும் அதே மாதிரிக் கேனில் நிரப்பி வைப்பார்கள். எங்கள் சமையலறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் எழுதி ஒட்டலாம் என்று ஜனவரியிலேயே சொன்னேன். அதற்கும் நோட்டில் தேதி இருக்கிறது. ஒட்டத்தான் இல்லை. கழிவுத் தண்ணீரில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம்.

உள்ளிருந்து என் மனைவி சொன்னாள்: "காலைல பெருக்கறப்ப ரெண்டு கேனையும் நகத்தினேன். எப்படித் திருப்பி வெச்சேன்னு ஞாபகமில்ல."

மீதமுள்ள கேனை அளந்தால் தெரிந்துவிடும் என்று ஓடினேன். காலியாக இருந்தது.

"அதுலதாங்க மத்தியானம் தரை துடைச்சேன்."

"குடிக்கிற தண்ணியா, கழிவா?"

"தரையைத் துடைச்சேன். குடிச்சா பாத்தேன்?"

மைத்துனன் ஊற்றிய கேனும் அடிவரை தீர்ந்திருந்தது. சும்மா இருப்பானா? டிடிஎஸ் பேனாவை ரேடியேட்டர் பக்கத்துச் சின்ன டேங்கில் விட்டுப் பார்த்தான்.

"போச்சு மாமா. எக்கச்சக்கமா காட்டுது."

"கூலன்ட்லயே மருந்து கலந்திருக்குதுடா. எந்தத் தண்ணி ஊத்தினாலும் அப்படித்தான் காட்டும்."

"அப்ப நல்ல தண்ணிதான்னு சொல்றீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லல."

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஒரு நாள் ஓடினால் ஒன்றும் ஆகாது, ஆனால் உள்ளேயே விட்டு வைக்கக் கூடாது என்றார். நியாயமாக அப்படியே கிளம்பியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. வழியில் உள்ள சூளகிரி மேட்டில், ஏப்ரல் வெயிலில், அந்தத் தண்ணீரை நினைத்துக்கொண்டே ஓட்ட முடியாது என்றேன். புதன் காலை கடை திறந்து, வேறு கூலன்ட் வாங்கி, மெக்கானிக் வந்து பழையதை வடித்து, அலசி, புதியதை ஊற்றிக் காற்று வெளியேற்றி முடிக்கையில் மணி பதினொன்றரை.

"எங்கப்பா கண்ணு முக்கியமா, உங்க ரேடியேட்டர் முக்கியமா?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். மைத்துனனும் பின்சீட்டில் ஏறிக்கொள்ள, சாமல்பட்டிக்குக் கிளம்பினோம்.

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமனார் வெள்ளை வேட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அழுக்கு வேட்டியோடு தோப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நேரமாயிடுச்சுங்க மாப்பிள்ளை. ஒரு கண்ணு தெரியுதே, போதும். மாங்கா முடியட்டும், பாத்துக்கலாம்."

மனைவி அந்த வெள்ளை வேட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள். அரை மணி நேரம் போனது. கிளம்பும்போது அவர் இரண்டு பெரிய பாட்டில்களைக் காலடியில் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டேன்.

"நம்ம கெணத்துத் தண்ணி. மேட்டுல வண்டி சூடானா ஊத்தலாம். டிராக்டருக்கு இதான் ஊத்தறோம், ஓடலையா?"

பின்சீட்டில் மைத்துனன் பாட்டிலைத் திறந்து பேனாவை விட்டான். அவன் எண்ணைச் சொல்ல வாயெடுக்குமுன், எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சூளகிரி மேட்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மாமனாரைச் சேர்த்தோம். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. முதலில் அவர் கண்டுபிடித்துச் சொன்னது என் சட்டைக் காலரில் இருந்த கூலன்ட் கறையை.

இடப்பக்கத்துக் கேன் நல்ல தண்ணீர்தான் என்று மைத்துனன் இன்றும் சொல்கிறான். அன்று தரை காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு இல்லை, ஆகவே தான் துடைத்ததுதான் நல்ல தண்ணீர் என்கிறாள் மனைவி. தரையை நான் பார்க்கவில்லை. வடித்ததை மெக்கானிக் எடுத்துப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வண்டிக்குள் போனது எந்தத் தண்ணீர் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.