சுத்தத் தண்ணீர் ஏன் மின்னியது

இந்த ஊரில் என் தண்ணீர் மட்டும் மின்னுகிறது. கொரியாவின் டேஜான் நகரத்து ஆய்வகம் ஒன்றில், பாதரசத்தைக் கண்டால் பச்சையாக ஒளிரும் சாயம் செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பாதரசம் கலந்த தண்ணீர் ஒளிர வேண்டும், சுத்தத் தண்ணீர் இருண்டு கிடக்க வேண்டும். கூட வேலை பார்க்கும் சூமின் சோதனை வைத்தால் அப்படித்தான் கிடக்கும். நான் வைத்தாலோ சுத்தத் தண்ணீரும் கல்யாண மண்டப சீரியல் பல்பு மாதிரி ஜொலிக்கும். “சூரை மீன் நிறைய சாப்பிடுவீர்களா?” என்று ஆங்கிலத்தில் அக்கறையாகக் கேட்டார், அந்த மீனில் பாதரசம் சேரும் என்பதால். “சனிக்கிழமை மட்டும் சைவம்” என்றேன். அவர் போய் எனக்குப் புதிய கையுறைப் பெட்டி கொண்டுவந்தார். அதை மாட்டியும் ஜொலித்தது.

குற்றவாளி என் மூஞ்சியில் இருந்தான். பெண் பார்க்கப் போகும் முன் மாப்பிள்ளைக்கும் சிவப்பாக்கும் க்ரீம் பூசிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். திண்டிவனத்து அக்கா, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கி வந்த பேரில்லாத டப்பி அது. பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். க்ரீம் மட்டும் என்னோடு விமானம் ஏறியது. அக்கா பூசுவதை “சுண்ணாம்பு அடிக்கிறியா” என்று கேலி செய்துகொண்டே, ஊருக்குப் போய்வரும் நண்பர்களிடம் ரகசியமாக டப்பி வரவழைத்தேன். காலையில் பூசிய அதே விரல்களால்தான் கையுறையை இழுத்து மாட்டுவேன். சந்தேகம் வந்து, கடுகளவு க்ரீமைத் தண்ணீரில் கரைத்துச் சாயத்தை விட்டேன். பளீரென்று பச்சை. பாதரசம் தேடச் சம்பளம் வாங்குகிறவன் அதையே முகத்தில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அக்கா மாசமாக இருக்கிறாள். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

“அந்த க்ரீமப் பூசாதக்கா. பாதரசம் இருக்கு.”

“போன மாசம் சுண்ணாம்புன்ன, இப்ப பாதரசமா? டப்பி இங்க கீது. அங்க இன்னாத்தடா டெஸ்ட் பண்ண?”

வீடியோவைப் போட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக் காட்டினேன். கழுத்துவரை வெளுப்பு, அதற்குக் கீழே சொந்தக் கறுப்பு.

“அடப்பாவி, என்ன கிண்டல் பண்ணிக்கினே நீயும் பூசிக்கினு இருந்தியா?” என்று சிரித்தவளின் கை தானாக வயிற்றுக்குப் போனது. “புள்ளைக்கு இன்னா ஆவும்டா?”

“தெரியலக்கா. டப்பியயும் எடுத்துக்கினு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தம், யூரின் பாக்கச் சொல்லு. ஜல்தியா போ.”

“போறேன். மொதல்ல நீ மூஞ்சியக் கழுவு. நான் பாக்கணும்.”

சூமின் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆய்வகத் தொட்டியில் முகம் கழுவினேன். “க்வென்சானயோ?” என்றார், நலம்தானே என்று அர்த்தம். தலையாட்டினேன். மாதக்கணக்கில் ஏறிய வெளுப்பு சோப்புக்கா போகும்? கழுத்துக்கு மேலே எந்த ஊர் என்று சொல்லமுடியாத ஒரு முகம், கீழே திண்டிவனத்து உடம்பு. குளிர் விட்ட பிறகும் மஃப்ளர் சுற்றி அந்த எல்லைக்கோட்டை மறைத்துக்கொண்டு, அக்காவின் ரிப்போர்ட் வருகிறதா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.